கல்லுக்கடியில் ஒரு வாய்

மழை கொட்டும்போது மட்டும்தான் கான் வெட்டுகிறவனைத் தேயிலைத் தோட்டத்தில் தேடுவார்கள். மம்பட்டி பிடித்த உங்களுக்கு இது தெரியாததா?

தகரம் கேட்டது

வட்டவளைப் பக்கத்து மழையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு போகாமல் வடிவதற்கு, மலைக்குக் குறுக்கே கான் வெட்டுவோம். மேல் தோட்டத்தில் பதினோரு வருஷம் அதுதான் என் வேலை. ஏழாம் நம்பர் மலையில் கான்கள் எல்லாம் ஒரு பெரிய கல்லுக்கடியில் சேர்ந்து, ஒரு வாய் வழியாக ஓடையில் இறங்கும். அந்த வாயைப் புல் மூடிவிடும். மழைக்கு முன்னால் கையை விட்டுத் தூர் எடுக்கவேண்டும். இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு வேலையை மேற்பார்க்கப் புதுக் கண்டாக்கையா வந்தார். என் காம்பரா ஒழுகுகிறது, இரண்டு தகரம் வேண்டும் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கேட்டேன். எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"நீதான் தண்ணிய ஓட்டத் தெரிஞ்சவனாச்சே! வீட்டுக்குள்ளயும் ஒரு கான் வெட்டிக்க."

மூட்டை கட்டியது

செக்ரோலில், அந்த வேலையாள் பதிவில், என் பேரை வெட்டச் சொல்லிவிட்டேன். கீழ்த் தோட்டம் அப்போது இன்னும் கம்பனியிடம் இருந்தது. கூரைக்குப் புதுத் தகரம், கான் வேலை. கசக்குமா?

புறப்படும் அன்று செல்லையா நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் வந்து நின்றான். என் இடத்துக்குப் போட்டிருந்த ஆள். அதுவரை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவன்.

"அண்ணே, நான் முக்கியமா பாத்துக்க வேண்டியது ஏதும் இருக்கா?"

கல்லுக்கடியில் இருந்த வாய் ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பும் கூடவே வந்தது. "கண்டாக்கையாவைக் கேளு" என்றேன். மூட்டையை என் தலையில் தூக்கி வைத்தபடி சொன்னான்:

"அவருக்கு என்னண்ணே தெரியும்? அவரு வந்தே மூணு மாசந்தான்."

பீலிக்கு வந்தது

அடுத்த மழையில் அந்த வாய் அடைத்து, கான் உடைந்து, ஏழாம் மலை மண் ஓடையில் இறங்கியது. அந்த ஓடைத் தண்ணீர்தான் கீழ்த் தோட்டத்தில் நாங்கள் குடம் வைத்துப் பிடிக்கும் பீலிக்கும் வருகிறது. குடத்தில் செங்குழம்பு. பிள்ளை பெற்றுப் படுத்திருந்த என் மகளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்க வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மம்பட்டியோடு மேலே ஏறினேன். தேயிலை வேர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கையை விட்டுத் தூரை எடுத்தேன், வாய் திறந்தது. போன மண் திரும்பவில்லை; உடைந்த சரிவு இன்னும் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. நிமிர்ந்தால் செல்லையா நிற்கிறான். கான் உடைந்ததற்கு அவனை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். கண்டாக்கையா அதற்கு முன்பே வேறு தோட்டத்துக்கு மாறிப் போயிருந்தார். செல்லையா என் கைச் சேற்றைப் பார்த்துக் கேட்டான்:

"தெரிஞ்சுதான் போனீங்களாண்ணே?"

ஒழுகாத தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து, மழைக்கு மழை ஏழாம் மலையைத் துணியில் வடிகட்டிக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.