சீப்புப் படம்

அப்பாவின் மண்டையைத் திறக்கப்போகிறார்கள் என்பதைவிட, திறந்து வைத்துக்கொண்டு அவரிடம் கேள்வி கேட்கப்போகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. நான் அப்போது நான்காவது வகுப்பு. டீச்சர் கேள்வி கேட்டால் குனிந்து பென்சில் தேடும் பிள்ளை.

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டியவர் அப்பா. ஒருநாள் காடுவெட்டியில் ஆள் இறக்கும்போது ஸ்டாப் பெயர் வாயில் வரவில்லை. குடித்திருக்கிறார் என்று வண்டியில் இருந்தவர்கள் திட்டினார்களாம். தலைக்குள் கட்டி, பேச்சு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்றார் டாக்டரம்மா. ஒரு தாளில் மூளையை வரைந்து, பார்வைக்கு இது, கைக்கு இது, பேச்சுக்கு இது என்று வட்டம் போட்டுக் காட்டினார். பயத்துக்கு எந்த வட்டம் என்று தேடினேன். போடவில்லை.

பேச்சின் இடம் மட்டும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் தள்ளியிருக்குமாம். அதனால் அப்பாவை விழிக்க வைத்தே மூளையை அங்கங்கே தொட்டுப் பார்ப்பார்களாம். அவர் படம் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எதற்கு என்றும் சொல்லியிருப்பார்கள். பழகிக்கொள்ள இருபது படம் என்றதுமே எனக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை.

பரீட்சைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி மனப்பாடம். குடை, பூட்டு, மாடு, சீப்பு என்று வரிசையாக ஒப்பிக்க வைத்தேன். ஒரே வாரத்தில் அப்பா படத்தைப் பார்க்காமலே மூச்சுவிடாமல் சொன்னார். டாக்டரம்மாவிடமும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, படங்களைச் சீட்டுக் கட்டு மாதிரி கலைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள்தான் என்னை உள்ளே விட்டார்கள்.

"எத்தினிப்பா கரெக்டு?"

"பத்தொம்போது. சீப்பு மட்டும் வர்ல கண்ணு. எதிர்லதான் கீது, வாய் தொறக்க மாட்டேங்குது."

"தெனம் சொன்னியே!"

"சொன்னேன். அந்தம்மா உள்ள இன்னா பண்ணுச்சோ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஒன்றைத் தப்பாக விட்டவருக்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்கு எரிச்சல்.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் சீப்பை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, வேண்டுமென்றே "கொடை" என்பார். நான் கத்துவேன். "இந்த மண்டைக்கு அது இன்னாத்துக்கு? உங்கம்மாகிட்ட குடு" என்பார்.

நான் எட்டாவது படிக்கும்போது கட்டி மறுபடி வளர்ந்தது. என் பள்ளிக்கூடமும் அதோடு நின்றது. அப்போதுதான் அம்மா சொன்னாள். எந்த இடத்தைத் தொட்டபோது சீப்பு வராமல் போனதோ, அங்கேதான் அவர் பேச்சு இருந்ததாம். அங்கே கத்தி வைக்காமல், அங்கே ஒட்டியிருந்த கட்டித் துண்டையும் அப்படியே விட்டுவிட்டார்களாம். அப்பா முன்பே அப்படிக் கேட்டுக்கொண்டாராம்: "பேச்சு கீற எடத்துல மட்டும் கைய வெக்காதம்மா. அது இல்லாங்காட்டி எம்பொண்ணோட நான் எப்டி சண்ட போடுவேன்?"

அந்த நான்கு வருஷமும் அவர் வாய் ஓயவே இல்லை. அத்தனை பேச்சும் அந்த ஒரு தப்பினால் மிஞ்சியது என்று தெரியாமல், ஒரு மார்க் போச்சே என்று நான் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.