அண்ணன் கடையின் போணி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் தாராவிக் கடைத்தெரு நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை மதினி என்னிடம் ஒப்படைத்தார். "நீதானே ஆபீஸ்ல எழுதிக்கிட்டு இருந்தவ, நீயே எழுது. அழுகாச்சி மட்டும் வேண்டாம், ஒங்க அண்ணனுக்குப் பிடிக்காது" என்றார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணன் திருச்செந்தூர்ப் பக்கம் பிறந்தவர். மீசை அரும்பும் முன்பே பம்பாய்க்கு ரயிலேறி, மாட்டுங்காவில் தூரத்து மாமா ஒருவரின் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தார். பிறகு தாராவியில் சொந்தமாக ஒரு எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்தார். என்னைப் படிக்கவைத்ததும், கல்யாணம் முடித்துச் செம்பூரில் குடிவைத்ததும் அந்தக் கடைதான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அண்ணன் பொறுத்த பொறுமைக்கு ஆண்டது ஒரு ஷட்டர் அகலம். அதற்கு மேல் அவர் ஆசைப்படவும் இல்லை. எனக்கு அதில்தான் ஆத்திரம்.

அவசரம் என்பதே அவர் உடம்பில் கிடையாது. எவர்சில்வர் விலை ஏறப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பி, தெருவே சரக்கை வாங்கிக் குவித்தது. அண்ணன் மட்டும் ஒரு குடம் கூடுதலாக வாங்கவில்லை. "ஏறினா எல்லாருக்கும்தான் ஏறும். இடம் எங்க இருக்கு வைக்கதுக்கு?" என்று கேட்டார். விலை ஏறவில்லை. மற்ற கடைக்காரர்கள் தலையில் கை வைத்தபோதும் அவர் சிரிக்கவில்லை. நோட்டு செல்லாது என்று அறிவித்த நாட்களில் கடைக்கு ஈ காக்கை வரவில்லை. அப்போதும் காலையில் ஷட்டரைத் தூக்கி, பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். "பதறாத காரியம் சிதறாது" என்பது அவர் வாயிலிருந்து அடிக்கடி வரும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

பாத்திரம் வாங்குகிறவர்களுக்குப் பெயர் வெட்டிக் கொடுப்பது அவருக்குப் பிடித்த வேலை. சின்ன மிஷின் ஒன்று கொர்ரென்று இரைய, தம்ளரின் விளிம்புக்குக் கீழே மணி மணியாக எழுத்து விழும். அதற்குத் தனியாகக் காசு வாங்கமாட்டார். தினமும் வீட்டுக்கு வரும்போது சட்டைப்பையில் ஒரு சிறு பொட்டலம் ஆணி இருக்கும். எதிரே சலீம் பாயின் பூட்டு, ஆணிக் கடையில் வாங்கியது. "ஆணி அடிக்கச் சுவரே இல்லாத வீட்டுக்கு இத்தனை ஆணி எதுக்கு? என்னை அறைஞ்சு வைக்கவா?" என்று மதினி சத்தம் போடுவார். அண்ணன் பொட்டலத்தைப் பழைய டப்பாவில் கொட்டிவிட்டுக் கை கழுவப் போவார்.

ஊரடங்கு முடிந்து கடைகள் திறந்தபோது பாதித் தெரு ஊருக்குப் போய்விட்டிருந்தது. இருந்தவர்களும் பாத்திரம் வாங்கும் நிலையில் இல்லை. தெருவை இடித்துவிட்டுப் பெரிய கட்டடம் வரப்போகிறது, அதில் கடை கிடைக்கும், கிடைக்காது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு புரோக்கர் கடையை விலைக்குக் கேட்டு வாரம் தவறாமல் வந்து அண்ணனோடு டீ குடித்தார். அண்ணன் மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடையை விட்டால் அவர்களுக்கு வேறு வருமானம் இல்லை. ஆனாலும் கைக்கு வருவதை வாங்கிக்கொண்டு கடையைக் கொடுத்துவிடச் சொல்லி நானும் மதினியும் அவரை அரித்தெடுத்தோம். காத்திருந்தால் அதுவும் கிடைக்காது என்பது எங்கள் பயம்.

ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "சரி. போணி ஆகாம ஷட்டர் இறக்குத நாளுன்னு ஒண்ணு வரட்டும். மறுநாளே சாவியைப் புரோக்கர் கையில குடுத்துருதேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கப்பிடாது."

போணி என்பது அன்றைய முதல் விற்பனை. கடைக்காரர்கள் அதை லட்சுமியாகவே நினைப்பார்கள். தெரு இருந்த இருப்பில், அது ஆகாத நாள் அந்த வாரமே வந்துவிடும் என்று தோன்றியது. நாங்கள் கேட்டது கிடைக்கப்போகிறது. சந்தோஷம்தானே வர வேண்டும்? எனக்கு வரவில்லை. அந்த ஷட்டருக்குள் அண்ணன் இல்லை என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மதினிக்கும் அதே கதைதான் என்பது பின்னால் தெரிந்தது. மாடியில் குடியிருந்த தையல்காரர் மனைவியிடம் அவர் காசைக் கொடுத்து, ஒரு கரண்டியாவது வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் எங்கள் ஆபீஸ் பியூன் பாட்டீலை அனுப்பினேன். "ஏதாவது ஒரு தம்ளர் வாங்கு. யார் அனுப்பியது என்று மூச்சுவிடாதே" என்று இந்தியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

பாட்டீல் மூச்சுவிடவில்லைதான். ஆனால் அண்ணன் மிஷினைக் கையில் எடுத்து, என்ன பெயர் போடட்டும் என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மனிதர் திகைத்துப்போய், ஆபீஸில் என்னைக் கூப்பிடுகிற மாதிரியே சொல்லிவிட்டார். மறுநாள் என் மேஜைமீது தம்ளரைப் பெருமையாக வைத்தார். அதில் அழகான தமிழில் 'சரோஜா மேடம்' என்று இருந்தது. அட கடவுளே! மராத்திக்காரருக்குத் தமிழில் வெட்டிக் கொடுத்திருக்கிறார் என்றால் அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? ஆனால் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடையும் மூடவில்லை. மெல்ல மெல்ல ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கல்யாணங்கள் நடந்தன, சீர்ப் பாத்திரம் விற்றது. அண்ணன் மகள் படிப்பை முடித்து வேலைக்கும் போனாள்.

சென்ற ஆண்டு அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மகளே பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள். ஒரு மாலை, மூச்சு கொஞ்சம் சீராக இருந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன, சரோஜா மேடம்?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "நல்ல ஆளா அனுப்புன. ஒரு பொய்ப்பேரு சொல்லத் தெரியாதவன்" என்றார். "அவன் வரதுக்கு முன்னாலயே போணி ஆயிட்டுளா. காலையில ஷட்டரைத் தூக்கினதும் நான் சலீம் பாய்கிட்ட ஆணி வாங்குவேன். அவரு எங்கிட்ட கரண்டி வாங்குவாரு. ரெண்டு பேருக்கும் போணி. எத்தனை வருசமா நடக்கு!"

"அப்போ அன்னைக்கு அந்தச் சபதம் எதுக்குண்ணே?"

"நீங்க ரெண்டு பேரும் வாயை மூடணும்லா? கடையை வில்லு வில்லுன்னவளுவ, மறுநாளே ஆள் அனுப்பி வாங்குதீங்க. யாருக்குக் கடை வேணும்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அன்று இரவே மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் பேசியது அன்றுதான் கடைசி. இரண்டொரு நாளில் தூக்கத்திலேயே போய்விட்டார். அழுகாச்சி வேண்டாம் என்றதால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. அவர் இல்லாதது எனக்குத் தாங்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணனைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கோவண்டியிலிருந்தும் பாண்டுப்பிலிருந்தும் வந்து கூடவே நின்ற சொந்தங்களுக்கும், துக்க வீட்டுச் சாப்பாட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட தையல்காரர் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. பாட்டீலுக்கும் நன்றி. அந்தத் தம்ளரில்தான் நான் இன்றும் காபி குடிக்கிறேன்.

சலீம் பாய்க்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மதினி முதன்முதலாகக் கடையைத் திறந்தபோது துணைக்கு நானும் போயிருந்தேன். ஷட்டர் ஏறியதும் பாய் தெருவைக் கடந்து வந்தார். அன்று அவர் கரண்டி கேட்கவில்லை. ஒரு தம்ளரை எடுத்துக் காசை வைத்தார். "பேர் போட்டுக் கொடுங்க பாபி" என்று அண்ணி முறை வைத்து இந்தியில் கேட்டார். மதினி அதுவரை அந்த மிஷினைத் தொட்டதில்லை. என்ன பெயர் என்று கேட்டார். பாய் அண்ணனின் பெயரைச் சொன்னார்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் பேஷண்ட் பெயர் என்ன என்று கேட்டபோதுகூட மதினி என்னைத்தான் பார்த்தார். இப்போது மிஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எழுத்து கோணிற்று, ஒரு சுழி பாதியில் வழுக்கிற்று. தனக்குத் தெரிந்த தமிழில், கடைசிப் புள்ளி வரைக்கும் வெட்டினார். முந்தானையால் துடைத்துப் பாயிடம் கொடுத்தார்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பாயின் பின்னாலேயே எதிர்க்கடைக்குப் போய், ஒரு பொட்டலம் ஆணி கேட்டார்.