பஸ்ஸை மறித்து நின்ற பத்மா அக்கா

பத்மா அக்கா போய்விட்டார்... தூக்கத்திலேயே. தாபோடியிலிருந்து அவர் மகள் இப்போதுதான் போன் செய்தாள்.

சொந்தம் இல்லை. ஆபீஸ் பழக்கமும் இல்லை. ஔந்தில் டிரைவிங் கிளாஸில் நாங்கள் ஒரே பேட்ச். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது, அக்காவுக்கு அறுபது.

ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் பின் சீட்டில். எதிரே ரிக்‌ஷா வந்தாலே நான் கண்ணை மூடிக்கொள்வேன்... ஆமாம், ஓட்டிக்கொண்டேதான்.

"கண்ணைத் தொறடி! நானும் உள்ளதான் இருக்கேன்!" என்று அக்கா பின்னாலிருந்து கத்துவார்.

அவர் மட்டும் என்னவாம்? ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் வண்டி முன்னால் பாயும். "பீச்சே ஜானே கி ஆதத் நஹி ஹை, பையா!" பின்னால் போய்ப் பழக்கமில்லையாம்! மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிப்பார்.

லைசென்ஸ் வந்த கையோடு, மாஸ்டர் இல்லாமல் முதல் தடவை. என் கார், நாங்கள் இருவர் மட்டும். சாங்வி போகும் வழியில், பாலத்து ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் பின்னால் உருள்கிறது. பின்னால் ஒரு பஸ்... விடாமல் ஹார்ன்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "முடியலக்கா... வண்டிய இங்கயே விட்டுட்டு ரிக்‌ஷால போயிடலாம்."

அக்கா ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், இறங்கினார், முந்தானையைச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கையை நீட்டி நின்றார்.

"தாதா, ஜரா தாம்பா! மாஜி பஹீண் ஷிக்தேய்!" தங்கச்சி கற்றுக்கொள்கிறாள், கொஞ்சம் பொறுங்கள் என்று மராத்தியில்.

ஹார்ன் நின்றது.

"இப்ப எடு! பின்னால நான் நிக்கறேன். உருண்டா என் மேலதான் வரும், பாத்துக்கோ!"

எடுத்தேன். கிளட்ச்... ஆக்ஸிலரேட்டர்... ஹேண்ட்பிரேக்... ஏறிவிட்டது! பஸ்ஸுக்குள் கைதட்டல்.

நிறுத்தினால் மறுபடி ஆஃப் ஆகிவிடுமோ என்ற பயத்தில் நான் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தேன்... அக்கா பாலத்திலேயே!

அடுத்த ஸ்டாப்பில் ஓரங்கட்டிக் காத்திருந்தேன். அதே பஸ் வந்தது. டிரைவருக்கு டாட்டா காட்டிக்கொண்டே அக்கா இறங்கினார்.

"உன்னைவிட அவர் நல்லா ஓட்டறார்டி!"

ரோட்டோரத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நேற்று மாலைகூடக் காய்கறி வாங்க அக்காதான் கார் எடுத்துப் போனாராம். மகள் சொன்னாள்.

வழியெல்லாம் பச்சை சிக்னலாகவே விழட்டும், அக்கா.