பத்துக்குள் மூன்று

கோர்ட்டுக்குப் போகிறவர்கள் விடுதலை கேட்டுத்தான் சாமி கும்பிடுவார்கள். நான் பத்து வருடம் கேட்டுக் கும்பிட்டேன். நான் வாக்கப்பட்ட கீரனூரில் புதுக்கோட்டை பஸ் ஏறி, அப்பாவை ஜன்னலோரமாக உட்கார வைத்துவிட்டு, என் தம்பிக்குப் பத்தோடு போகட்டும், பதிமூன்று வேண்டாம் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் சில்லறை கேட்டதுகூடக் காதில் விழவில்லை.

தம்பிக்குக் கீரமங்கலம் பக்கம் சொந்த லோடு வண்டி. பலாப்பழமும் தேங்காயும் ஏற்றிக் கடற்கரை ஊர்களுக்குக் கொண்டுபோவான். எங்கள் பக்கத்து வண்டிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சந்தையில் தெரிந்தவர் யாராவது ஒரு மூட்டையைக் கொடுத்து, போகிற வழியில் இறக்கிவிடச் சொன்னால் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே என்ன என்று கேட்பது மரியாதை இல்லை. வழியில் யாராவது மறித்தால் எல்லாம் நம்ம சரக்குதான் என்று சொல்லிவிடுவார்கள். இது இன்னாருடையது, அது இன்னாருடையது என்று விளக்கப் போனால் பில் கேட்பார்கள், ஓரம் கட்டச் சொல்வார்கள், பழம் வெயிலில் கிடக்கும். அதனால் அந்த ஒரு பதில்.

அன்றைக்கு மறித்தவர்கள் போலீஸ். பலாப்பழங்களுக்கு அடியில் கிடந்த இரண்டு மூட்டைகளைத் தட்டிக்காட்டி இது யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள். இவனும் வாய்ப்பழக்கத்தில், "எல்லாம் நம்ம சரக்குதான் சார்" என்றிருக்கிறான். மூட்டைக்குள் கஞ்சா. கொடுத்தவன் சந்தையில் முகம் தெரிந்த ஆள், அவ்வளவுதான். அவன் போன் அன்றோடு அணைந்துபோனது. சாட்சிகளுக்கு முன்னால் தம்பி சொன்ன பதில் மட்டும் கடைசிவரை அவனை விடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு, ஜெயிலில் போய்ப் பார்த்தபோது கம்பிக்குள் கையை விட்டு அறைந்திருப்பேன். ஊரான் மூட்டைக்கெல்லாம் நீ என்னடா தகப்பனா என்று கேட்டேன்.

வக்கீல் நல்ல மனிதர்தான், ஆனால் ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாதவர். சரக்கு இருபது கிலோவைத் தாண்டிவிட்டது, அதற்குக் கீழே என்றால் நீதிபதி பார்த்துக் குறைக்கலாம், தாண்டினால் குறைந்தபட்சமே பத்து வருடம், அவரே இரக்கப்பட்டாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தராசையே என்னால் பார்க்க முடியவில்லை. காய்கறிக் கடையில் எடை போடும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பத்துக்கு மேல் மூன்று எங்கிருந்து வந்தது என்றால், அது துப்பாக்கியால் வந்தது. தம்பியைப் பிடித்த அன்று சாயங்காலமே அவனையும் கூட்டிக்கொண்டு, அவனும் அப்பாவும் இருந்த வீட்டைச் சோதனை போட வந்தார்கள். சேதி கேட்டு நானும் ஓடி வந்திருந்தேன். மோட்டார் கொட்டகையில், உரச்சாக்குக்குப் பின்னால், அப்பாவின் நாட்டுத்துப்பாக்கி இருந்தது. கடலைக் கொல்லையைப் பன்றி உழுதுவிட்டுப் போகிறது என்று எப்போதோ வாங்கி வைத்தது. லைசென்ஸ் என்ற ஒன்றை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் சுட்டதெல்லாம் வானத்தைத்தான். இது யாருடையது என்று அதிகாரி கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள், விலங்கு மாட்டிய கையோடு நின்ற தம்பி, "என்னோடதுதான் சார்" என்றான். இந்த முறை அது வாய்ப்பழக்கம் இல்லை.

அதன்பிறகு அப்பாவை என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன், அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். துப்பாக்கி, துப்பாக்கி என்றே அரற்றிக்கொண்டிருப்பார். ஜட்ஜ் முன்னால் எழுந்து நின்று அது என்னுடையது என்று சொல்லப்போகிறேன் என்றார். நீங்கள் சொன்னால் பையனுக்குப் பத்தில் ஒரு நாள்கூடக் குறையாது, குடும்பத்தில் இன்னொருவர் உள்ளே போவார், அவ்வளவுதான் என்றார் வக்கீல். கஞ்சாவுக்கும் துப்பாக்கிக்கும் தனித்தனியாகத் தண்டனை வரும், இரண்டையும் சேர்த்தே கழிக்கலாம் என்று நீதிபதி சொன்னால் பத்தோடு முடியும், ஒன்று முடிந்து ஒன்று என்று சொல்லிவிட்டால் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் சொன்னார். நான் பயந்தது அதற்குத்தான். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பத்தையே அவர் தாங்குவாரா என்று தெரியாது. அதற்கு மேல் தன் துப்பாக்கியால் மூன்று என்று காதில் விழுந்தால், மனிதர் வீடு வந்து சேரமாட்டார்.

அதனால் அவரைக் கோர்ட் அறைக்குள் விடவில்லை. வளாகத்தில் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கையில் கொடுத்து, இங்கிருந்து அசையக்கூடாது என்று அதட்டிவிட்டு உள்ளே போனேன்.

குற்றம் நிரூபிக்கப்பட்டது என்றார் நீதிபதி. தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று தம்பியிடம் கேட்டார். வயதான தகப்பன், கைக்குழந்தை, இதற்கு முன்னால் ஒரு வழக்கும் இல்லை என்று வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். இவனோ கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தான். அப்பா வந்துவிட்டாரா என்று தேடுகிறான் என்பது எனக்குப் புரிந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். குறைத்துக் கொடுங்கள் ஐயா என்றான், கடையில் பேரம் பேசுகிறவனைப் போல.

நீதிபதி வாசித்தார். கஞ்சாவுக்குப் பத்து ஆண்டு. துப்பாக்கிக்கு மூன்று ஆண்டு. அபராதம் என்று ஏதோ சொன்னார். பிறகு மூச்சு விட்டாரா, பக்கத்தைப் புரட்டினாரா தெரியாது, அந்த இடைவெளியில் பத்தோடு போகட்டும் என்று மறுபடியும் முணுமுணுத்தேன். தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்றார். வக்கீல் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கூடப்பிறந்தவனுக்குப் பத்து வருட ஜெயில் கொடுத்தவரைச் சந்தோஷத்தோடு கும்பிட்டேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

வராந்தாவில் போலீஸ்காரர் ஒரு நிமிடம் நிற்க விட்டார்.

"அக்கா, கடைசியா என்னமோ சொன்னாரே, அது நல்லதா?"

"நல்லதுதான்டா. துப்பாக்கிக்குன்னு ஒனக்குத் தனியா எதுவும் இல்ல. எல்லாம் பத்துக்குள்ள அடங்கிரும்."

அவன் முகம் தெளிந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"அப்ப அப்பாகிட்ட அதை மட்டும் சொல்லுக்கா. பத்தை அப்புறமா சொல்லிக்கலாம்."

வெளியே வந்தேன். டீ குடிக்கப்படாமலே அப்பாவின் கையில் ஆறிப்போயிருந்தது. துப்பாக்கியை முதலில் சொன்னேன், பத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். எனக்குப் பிரித்துச் சொல்ல வரவில்லை. அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அப்ப என்னால அவனுக்கு ஒரு நாளும் கூடலயா ஆத்தா?"

"கூடலப்பா."

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டுப் பசிக்கிறது என்றார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹோட்டலில் இட்லியைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவன் வெளியே வரும்போது நான் இருப்பேன், நீ பார்த்துக்கொண்டே இரு என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். தண்ணீர் டம்ளரைத் தூக்கியபோது அவர் கை ஆடி, பாதித் தண்ணீர் இலையில் சிந்தியது. பதிமூன்று வந்துவிடுமோ என்ற பயம்தான் எனக்கு அதுவரை இருந்தது. பத்து வருடம் என்பது எவ்வளவு நீளம் என்ற பயம் அப்போதுதான் வந்தது.