ஏற்கெனவே கழுவிய கால்கள்

அறுபதுகளின் நடுவில், கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு மண்டிகள் இருக்கும் தெருவில் நான் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பங்குச் சாமியார் கூப்பிட்டு, பெரிய வியாழன் பூசைக்கு ஒரு துணிப்படம் வேண்டும் என்றார். இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவும் காட்சி. போதாததற்கு, அன்று அவர் பாதம் கழுவப்போகும் பன்னிரண்டு பேரில் என்னையும் சேர்த்திருந்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் படம் நன்றாக வந்தால் ‘பலகைக்காரன்’ என்ற பெயர் போய் ஓவியன் என்று மதிப்பார்கள் என்று கனவு கண்டேன்.

புதன்கிழமை படம் முடிந்தது. பாதங்கள் எல்லாம் வெண்ணெயில் செய்தவை மாதிரி பளபளத்தன. பக்கத்து மண்டியில் மூட்டை சுமக்கும் ராவுத்தர் ஒருவர் சாயாக் கிளாஸோடு வந்து நின்று பார்த்தார்.

“அண்ணே, எல்லாரும் காலு கழுவிட்டு வந்து உக்காந்த மாதிரியல்லோ இருக்கு! பின்ன எந்துக்கு அவரு கழுவுறாரு?”

எனக்குச் சுருக்கென்றது. “உமக்கு என்னய்யா தெரியும் எங்க வேதம்? போய் மூட்டையைத் தூக்கும்!” என்று எரிந்து விழுந்தேன். மனுஷர் மீதிச் சாயாவைக் கீழே கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை, கிணற்றடியில் சோப்பும் தேங்காய் நாருமாக என் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேரும் அப்படித்தான். சாமியார் முன்னால் அழுக்குக் காலை நீட்ட முடியுமா? தேய்த்த கை அப்படியே நின்றுவிட்டது. அட கடவுளே, ராவுத்தர் கேட்டது இதைத்தானே!

மண்டிக்கு ஓடி ராவுத்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். படத்தில் வரையக் காலைக் காட்டச் சொன்னதும் கூச்சப்பட்டுக் கைலிக்குள் இழுத்துக்கொண்டார்.

“அய்யே, இந்தக் காலையா உங்க கோயில்ல வைக்கப்போறீங்க?”

“இந்தக் காலைத்தான், ராவுத்தரே.”

வெடித்த குதிகால், விரலிடுக்கில் சுக்குத்தூள் என்று சீடர் பேதுருவின் கால்களை மாற்றி வரைந்தேன். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, “பீடத்துப் பக்கத்துல இதென்ன அசிங்கம்!” என்று கத்தினார். சாமியாரோ படத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு தானே ஏணியில் ஏறி மாட்டினார்.

மாலையில் சாயக்கறை படிந்த காலோடு போய் உட்கார்ந்தேன். சாமியார் ஊற்றிய தண்ணீர் கலங்கி ஓடியதைப் பார்த்ததும் வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

இப்போதும் ஜெபிக்க முழங்காலிடும்போது, நல்லவன் மாதிரி முகத்தைத் திருத்திக்கொள்ளத்தான் முதலில் தோன்றுகிறது. உடனே ராவுத்தர் காலும் அவர் கேள்வியும் ஞாபகத்துக்கு வர, இருக்கிற அழுக்கோடேயே கடவுள் முன்னால் போய் நிற்கிறேன்.