உள்ளே கழுவியது

வெர்லின் ஹாகன் இறந்தபோது எங்கள் ஊர்ப் பத்திரிகையில் நான்கு வரி போட்டார்கள். முப்பத்தோரு வருடம் பனி தள்ளும் வண்டி ஓட்டினான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேட்டையில் பிரியம், ஒரு தம்பி இருக்கிறான். அவ்வளவுதான். அதே பக்கத்தில் பழைய டிராக்டர் விற்கிறவனுக்கு ஒன்பது வரி. எனக்கு எரிச்சலாக வந்தது. அவனைப் பற்றி எழுதத் தெரிந்த ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருத்திதான். எழுதாமல் இருப்பதற்கான காரணமும் எனக்குத்தான் நிறைய இருந்தது.

என் பெயர் மேவிஸ். கடைத்தெருவில் மாட்டுத் தீவனமும் வேலிக் கம்பியும் கால்நடை மருந்தும் விற்கிறேன். மொன்டானாவில் எங்கள் பக்கம் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை யாரும் எறிய மாட்டார்கள். பொறுக்கிக்கொண்டு வந்து, எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, ஊசி குத்தினால் பொறி தட்டுகிற கேப்பைப் புதிதாக அடியில் பொருத்தி, வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவோம். நானும் செய்வேன். ஆனால் வெர்லின் செய்வதைப் பார்த்தால் நான் செய்வது கழுதைக்கு லாடம் அடிப்பது போல இருக்கும்.

சுட்ட கூடு உப்பியிருக்கும். மசகு தடவாமல் அச்சுக்குள் தள்ளினால் உள்ளே கவ்விக்கொண்டு வெளியே வராது. அதிகம் தடவினாலோ கூட்டின் தோளில் பள்ளம் விழும். ஆகவே எந்த மசகு, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெர்லின் இளவயதில் பன்றிக் கொழுப்பைப் போட்டுப் பார்த்தான். நாய் டப்பாவோடு தின்றுவிட்டது. வெறும் விளக்கெண்ணெய் போட்டான், வழிந்தது. வண்டிக் கிரீஸ் போட்டதில் ஒரு கூடு மாட்டிக்கொண்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் அதோடு மல்லுக்கட்டினான். கடைசியில் தேன்மெழுகு, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கம்பளிக் கொழுப்பு, கொஞ்சம் விளக்கெண்ணெய் மூன்றையும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி ஆறவிட்டு, ஒரு தகர டப்பாவில் அடைத்தான். அதன் பிறகு முப்பது வருடம் அதுதான்.

கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் துளி எடுத்து, கூட்டை ஒரு சுற்று உருட்டுவான். அச்சில் அழுத்தியபின் வெளிப்புறத்தைத் துணியால் துடைப்பான். ஒவ்வொன்றாக. உள்ளே ஒரு பொட்டு மசகு போகாது.

தனக்கும் தம்பி ஆரினுக்கும் சேர்த்து வெர்லின்தான் தோட்டா செய்வான். ஆரின் என் கடைக்கு வந்து சத்தமாகக் கிண்டல் பண்ணுவான்.

"மேவிஸ், எங்க அண்ணன் கூட்டைத் தடவுற அழகைப் பாத்திருக்கியா? அதுல பாதி அக்கறைய ஒரு பொம்பளகிட்ட காட்டியிருந்தா இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பான்."

"நீ வாயால சுடுற. நான் தோட்டாவால சுடுறேன்" என்பான் வெர்லின்.

அறுபத்தெட்டு வயதில் வெர்லினுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தான். அந்த ஆகஸ்டில் கடைக்கு வந்து, "நாப்பது கூடு இருக்கு. பத்துக்கு மேல விரல் மடங்க மாட்டேங்குது" என்றான். அவன் குறைப்பட்டுக்கொண்டு நான் கேட்டது அது ஒன்றுதான்.

நான்தான் சொன்னேன். "இன்னும் எதுக்கு அந்த டப்பாவக் கட்டிக்கிட்டு அழற? நான் பண்றதப் பண்ணு. கம்பளிக் கொழுப்பு ஒரு பங்கு, சுத்தமான ஆல்கஹால் பன்னெண்டு பங்கு. பீச்சுற பாட்டில்ல ஊத்திக் குலுக்கு. கூட்டையெல்லாம் பையில போட்டு நாலு பீச்சு பீச்சி உருட்டு. பத்து நிமிஷம் காய விடு. முடிஞ்சுது வேலை."

தீவன மூட்டையின் காகிதத்தைக் கிழித்து அதையே எழுதியும் கொடுத்தேன். பசு மடிக்குத் தடவ வைத்திருந்த கம்பளிக் கொழுப்பு டப்பாக்களில் ஒன்றையும் கொடுத்தேன். அவனுக்குச் சந்தோஷம். ஒரே காலையில் நாற்பதையும் முடித்துவிட்டதாக மறுவாரம் வந்து சொன்னான். இருபதை ஆரினுக்குக் கொடுத்தானாம். ஆரின் அந்தப் பெட்டியை வழக்கம்போல வண்டியின் முன்கண்ணாடி ஓரம் போட்டு, செப்டம்பர் வெயில் முழுக்க அங்கேயே வைத்திருந்தான்.

அக்டோபர் கடைசியில் எல்க் மான் வேட்டை தொடங்கியது. வெர்லினுக்கு முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. ஆரின் தனியாக மலையேறினான். துப்பாக்கியில் மூன்று தோட்டா. ஒன்றில் மான் விழுந்தது. அதைக் கிழித்துக் குடலை எடுத்துக்கொண்டிருந்தபோது ரத்த வாடைக்குப் பழுப்புக் கரடி வந்துவிட்டது. இடது கண்ணும் இரண்டு விரலும் தலைத்தோலில் பாதியும் போய், தவழ்ந்து வண்டிக்கு வந்துசேர்ந்தான். உயிரோடு வந்ததே பெரிது என்றார்கள்.

வனக்காவலர்கள் போய்ப் பார்த்தபோது பனி கொட்டியிருந்தது. துப்பாக்கி காலியாகக் கிடந்தது. பக்கத்தில் சுட்ட கூடு ஒன்றே ஒன்று. ஊருக்கு அது போதும். எங்கள் பக்கம் மான்காய்ச்சல் என்று ஒன்று உண்டு. மிருகத்தைக் கண்டதும் சிலருக்குக் கை நடுங்கி, விசையை அழுத்தாமலே துப்பாக்கியின் தாழை இழுத்துத் தள்ளி, தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தரையில் கொட்டிவிடுவார்கள். சுட்டதாகச் சத்தியமும் செய்வார்கள். முதல் வருட வேட்டைக்காரனுக்கு வருவது. ஆரினுக்கு அறுபத்து நான்கு வயது.

ஆஸ்பத்திரியில் அவனே அதை நம்பினான். "வெடிச் சத்தமே கேக்கல, மேவிஸ். கை மட்டும் தள்ளிக்கிட்டே இருந்துச்சு. பயந்துட்டேன் போல."

நவம்பரில் வெதுவெதுப்பான காற்று அடித்துப் பனி இளகியது. தம்பியின் கத்தியையும் தொப்பியையும் எடுத்து வருகிறேன் என்று வெர்லின் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு மலையேறினான். திரும்பி நேராக என் கடைக்கு வந்தான். பின்னறைக்குக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து இரண்டு தோட்டாவை எடுத்து மேஜையில் வைத்தான். இரண்டும் சுடாதவை. இரண்டின் கேப்பிலும் ஊசி குத்திய பள்ளம் நடுவில் அழகாக இருந்தது.

ஆரின் விசையை அழுத்தியிருக்கிறான். இரண்டு முறையும்.

நான் குண்டு பிடுங்கும் சுத்தியலில் ஒன்றை மாட்டித் தரையில் அடித்தேன். குண்டு வந்தது. மருந்து வரவில்லை. மணல் மாதிரி உதிர வேண்டியது, மஞ்சளாகக் கட்டிக்கொண்டு கூட்டின் அடியிலேயே ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். ஆட்டு வாடை.

"உள்ள கழுவினியா?" என்றேன்.

"துடைச்சேனே."

"வெளிய துடைச்ச. உள்ள?"

"உள்ள எதுக்குக் கழுவணும்? நான் எப்பவும் வெளியதானே துடைப்பேன்."

பையில் போட்டுப் பீச்சினால் மசகு வெளியே மட்டுமா நிற்கும்? ஒரு கூட்டில் துளி, இன்னொன்றில் நாலு துளி என்று உள்ளேயும் இறங்கும். தோட்டா பெட்டியில் மூக்கை மேலே வைத்து நிற்கும். வெயிலில் கொழுப்பு இளகிக் கீழே கேப்பு வரைக்கும் போகும். அதற்காகத்தான் அச்சு வேலை முடிந்ததும் உள்ளும் புறமும் கழுவிக் காயவைப்பது. என்னிடம் அதற்கு ஒரு உருளை இயந்திரம் இருக்கிறது. கூட்டை அதில் கொட்டிவிட்டு டீ குடிக்கப் போவேன். கை தானாகச் செய்கிற வேலை என்பதால் எனக்கு அது ஒரு வேலையாகவே தோன்றியதில்லை. அந்தக் காகிதத்தில் நான் அதை எழுதவில்லை.

வெர்லின் அந்தக் காகிதத்தைத் தன் மேஜைக்கு மேல் ஆணியடித்து மாட்டியிருந்தான். அதில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது அவனுக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். ஆனாலும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஆரின்கிட்ட சொல்லிடறேன்" என்று மட்டும் சொன்னான்.

"இப்பவா? தையல் கூடப் பிரிக்கல. உசுரோட இருக்கான்ல? அண்ணன் தோட்டாவாலதான் இந்தக் கதின்னு இப்பப் போய்ச் சொன்னா அவன் மனசு என்ன பாடுபடும்? கொஞ்ச நாள் போகட்டும், வெர்லின்."

ஆரினுக்காகச் சொல்வது போலத்தான் சொன்னேன். எனக்காகத்தான் சொன்னேன். பேச்சு எழுந்தால் அந்தக் காகிதம் வெளியே வரும். ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கொழுப்பை விற்றவள் நான்.

அவன் தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். பிடுங்கிய குண்டை மறுபடி செருகி, அதையும்.

ஜனவரியில் ஆரின் முதல்முறையாகக் காப்பிக்கடைக்கு வந்தான். கண்ணில் கறுப்புப் பட்டை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான், நான் எதிரே. வேலி போடும் ஒப்பந்தக்காரன் டுவேன் எழுந்து வந்து ஆரினின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்தான்.

"காய்ச்சல் விட்டுடுச்சான்னு பாத்துக்க, ஆரின். அடுத்த சீசன் வருதில்ல?"

கடையே சிரித்தது. ஆரினும் சிரித்தான். சிரித்தபடியே அந்தத் தெர்மாமீட்டரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். எல்லோரும் இன்னும் சிரித்தார்கள். வெர்லின் பாதி எழுந்தான். கை சட்டைப் பைக்குப் போனது. என்னைப் பார்த்தான். நான் என் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஆரின் காப்பிக்கடைக்கும் வரவில்லை, சர்ச்சுக்கும் வரவில்லை. தாடியும் மழிக்கவில்லை. மார்ச்சில் அவன் கைப்பட எழுதிய சீட்டு ஒன்று என் கடைப் பலகையில் தொங்கியது: அப்பாவின் துப்பாக்கி விற்பனைக்கு. வெர்லின் ஆணி வாங்க வந்தவன் அதைப் படித்தான். இரண்டு முறை படித்தான். ஆணியை வைத்துவிட்டு வெளியே போனான். போகும்போது என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

என்ன நடந்தது என்று மறுநாள் காலை அவனே வந்து சொன்னான். தோட்டா இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆரின் வீட்டுக்குப் போயிருக்கிறான். ஆரின் முதலில் புரியாமல் பார்த்திருக்கிறான். பிறகு தோட்டாக்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான்.

"அப்ப நான் அழுத்தினேனா?"

"அழுத்தின."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும். நீ அழுத்தாம இந்தப் பள்ளம் விழாது. தப்பு என்னோடது. உள்ள மசகு இருந்துச்சு. நான் கழுவல."

ஆரின் இருந்த ஒற்றைக் கண்ணால் குழந்தை மாதிரி அழுதானாம். அண்ணன் தோளைப் பிடித்து உலுக்கி, "எண்ணெதானே, விடு கிழவா, யாருக்கும் நடக்குறதுதான்" என்றானாம். காப்பி போட எழுந்தவன், கையில் கெட்டிலோடு நின்றுவிட்டான்.

"எப்பக் கெடச்சுது இது?"

வெர்லினுக்குப் பொய் வராது. "நவம்பர்ல."

"இப்ப மார்ச்சு."

"ஆமா."

"அன்னிக்கு அவன் தெர்மாமீட்டர் வெச்சப்ப நீ என் பக்கத்துல ஒக்காந்திருந்த. இது உன் பையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

ஆரின் கெட்டிலை அடுப்பில் வைத்தான். "கதவச் சாத்திட்டுப் போ" என்றான்.

"நான் சொல்லித்தான் சும்மா இருந்தேன்னு சொல்லவேண்டியதுதானே?" என்று கேட்டேன். கேட்கிற நேரத்தில், சொல்லியிருப்பானோ என்பதுதான் என் கவலையாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

"பாக்கெட் என்னோடது" என்றான் வெர்லின். காசைக் கொடுத்துவிட்டு முந்தின நாள் விட்டுப்போன ஆணியை எடுத்துக்கொண்டு போனான்.

ஆரின் காப்பிக்கடைக்குத் திரும்பி வந்தான். வந்த அன்றே இரண்டு தோட்டாவையும் டுவேனின் தட்டில் போட்டான். இன்றைக்கும் அவை அவன் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. புது ஆள் யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவான். வெர்லின் காப்பிக்கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். ஆரினின் வண்டி எதிரே வந்தால் கையைத் தூக்குவான். ஆரின் தூக்க மாட்டான். இப்படி இரண்டு வருடம்.

போன ஏப்ரலில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெர்லின் இதயம் நின்று இறந்துபோனான். வீட்டை ஒழுங்கு செய்ய நான்தான் போனேன். என் காகிதம் மாட்டியிருந்த ஆணி இருந்தது, காகிதம் இல்லை. அடுப்பில் போட்டிருப்பான். மேஜைமேல் பழைய தகர டப்பா, அதில் விரல் வழித்த புதுத் தடம். அலமாரியில் பதினொரு பெட்டி தோட்டா. அந்த விரல்களை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்தோ ஆறோ செய்திருப்பான். ஒவ்வொரு பெட்டியிலும் கோணல் எழுத்தில் ஒரே வரி: "ஆரினுக்கு. உள்ளே கழுவியது."

தகர டப்பாவின் மசகுக்கு உள்ளே கழுவவே தேவையில்லை. அது அவனுக்குத் தெரியாததல்ல.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு, லெஃப்ஸா ரொட்டி. ஆரின் வந்திருந்தான். பெட்டிகளை அவன் வண்டியில் ஏற்றிவிட்டதாகச் சொன்னேன். எழுதியிருந்ததைப் படித்தேன் என்றான். தட்டில் எதையும் தொடவில்லை. நான் காப்பிப் பாத்திரத்தோடு அவன் பக்கம் வந்தபோது என் கையைப் பிடித்தான்.

"நீ நேருக்கு நேரா பேசுறவ, மேவிஸ். உனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து சொல்லியிருப்ப. என் கூடப் பொறந்தவனுக்கு அது தோணல பாரு."

வாயைத் திறந்தேன்.

"காப்பி ஊத்தட்டுமா?" என்றேன்.

கோப்பையை நீட்டினான். ஊற்றினேன்.