கெபியில் பூத்த உப்பு

கொட்டச்சேட்டில் எங்கள் கோயில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் ஜெயகுமாரி அக்கா. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவர். சரிவில் விழுந்து முழங்கால் போனபின் மேடு ஏற முடியவில்லை. பங்குச் சாமியார் தோட்ட வேலை கொடுத்தார். முதல் வேலையே பெரியது: மாதா சுரூபத்துக்குக் கல்லால் குகை போல ஒரு கெபி கட்ட வேண்டும். அது நன்றாக அமைந்தால்தான் வேலை நிரந்தரம் என்று கோயில் கமிட்டியில் சொல்லிவிட்டார்கள்.

ஓடைக்கல் அடுக்கிக் குகை எழுப்பினார். வளைவு முழுக்கச் சிப்பி பதிக்க ஆசை. வேளாங்கண்ணிக்குப் போய்வந்த வீடுகளிலெல்லாம் கடற்கரைச் சிப்பி இருக்கும். கேட்டதும் கொடுத்தார்கள்; என் அம்மாவும் கொடுத்தார். அவற்றை யாரும் கழுவுவதில்லை. மாதா கோயில் கடல் தண்ணீர் பட்டவை அல்லவா? அக்காவும் ஒட்டிய மணலோடு அப்படியே சிமெண்டில் பதித்தார்.

மழைக்காலம் வந்தது. பனிமூட்டம் நாள்கணக்கில் விலகவில்லை. வளைவில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து, சிப்பிகள் உதிரத் தொடங்கின.

ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா அவற்றை ஒரு கூடையில் அள்ளி வந்து எல்லார் முன்னும் வைத்தார்.

"தப்பு என்னோடதுங்க. கழுவிப் பதிச்சிருக்கோணும்."

"ஏனுங்கக்கா, மாதாவே வேண்டாம்னு உதறிட்டாங்களா?" என்றார் எங்கள் பக்கத்து வீட்டு லூர்துசெல்வி. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

கமிட்டித் தலைவர் பெரியநாயகம் கூடையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது எங்க ஊட்டுதுங்க. கழுவுனா புண்ணியம் போயிரும்னு உங்ககிட்டச் சொன்னதே நாந்தானுங்களே. ஊறப் போடுங்க எல்லாத்தையும்."

அன்றே வாளிகள் வந்தன. சிப்பி ஊறிய தண்ணீரை நான் பூச்செடிப் பக்கம் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஐயோ கண்ணு, உப்புத் தண்ணி! செடியெல்லாம் கருகிப்போயிரும்!" என்று அக்கா கத்தினார்.

மாதா கோயில் கடல் உப்பு கரைந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றவும் யாருக்கும் மனமில்லை. கடைசியில் ஆளுக்கொரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். எங்கள் வீட்டில் அது சுரூபத்தின் பக்கத்தில் இருக்கிறது.

மழை விட்டதும் அக்கா மறுபடி பதித்தார். பெரியநாயகமே பக்கத்தில் நின்று சிப்பிகளை எடுத்துக் கொடுத்தார்.

"நல்லாப் பதிங்க. அடுத்த மழைக்கும் இதைப் பாத்துக்கறது நீங்கதான்."

"நல்லதுங்க. நொம்ப நல்லதுங்க." என்றார் அக்கா. சிமெண்டுக் கையோடு கண்ணைத் துடைக்கப் போனவரை லூர்துசெல்வி அதட்டி நிறுத்தி, தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.